டிரைவர் சைடுல தண்ணி

காலை ஒன்பதரைக்கு லாரிக்கு அடியில் போனவன் பன்னிரண்டு மணிக்குத்தான் வெளியே வந்தேன். மூன்று விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. கையில் பாதியில் முறிந்த போல்ட் ஒன்று. சட்டையில் எந்த இடம் துணி, எந்த இடம் கிரீஸ் என்று எனக்கே தெரியவில்லை.

"என்ன கிடைச்சுது?" என்று கேட்டார் அண்ணி.

"முதுகு வலி கிடைச்சுது. சாட்சியா பதிவு பண்ணிக்கலாமா?"

அண்ணி சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்து அவர் எதற்கும் சிரிக்கவில்லை.

எங்கள் பட்டறையில் டயர் என் அண்ணனின் இலாகா, இன்ஜின் அண்ணியின் இலாகா, பேச்சு என்னுடைய இலாகா. அண்ணன் அன்று வழியில் நின்றுபோன ஒரு பஸ்ஸைப் பார்க்கப் போயிருந்தார். அண்ணியை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சி.ஐ.டி. அம்மா என்று கேட்டால் போதும், டீக்கடைக்காரர் கையை நீட்டி வழி காட்டிவிடுவார். மற்ற மெக்கானிக்குகள் வண்டியில் என்ன கோளாறு என்று தேடுவார்கள். அண்ணி முதலில் யார் என்ன சொன்னார்கள் என்று தேடுவார்.

நான் அவருக்கு உதவியாள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, அடியில் படுப்பது, வேலை முடிந்ததும் வேலைச் சீட்டு எழுதிக் கொடுப்பது எல்லாம் நான்தான். பேசுவதில் ஊதாரி, எழுதுவதில் கஞ்சன் என்று என் சீட்டுகளைப் பார்த்து அண்ணி திட்டுவார். சீட்டில் இருப்பதே உள்ளங்கை அளவு இடம், நான் என்ன காவியமா எழுத முடியும்? கையெழுத்துக்குப் பதிலாகக் கடைசியில் ஒரு குட்டி ஸ்பானர் படம் வரைவேன். அது மட்டும் பார்க்க அழகாக இருக்கும்.

அன்றைய வழக்கு, இருபத்திரண்டு வயதான ஒரு டீசல் லாரி. மலைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ரேடியேட்டரில் மூன்று லிட்டர் தண்ணீர் காணாமல் போகிறது. வெறும் தண்ணீர் கூட இல்லை, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலன்ட் கலந்த தண்ணீர். போன வாரம் வளைவு ஒன்றில் இன்ஜின் கொதித்து, வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. ஏற்கெனவே ஆறு பட்டறைகள் பார்த்துவிட்டன. ரேடியேட்டர் மாற்றியாயிற்று, வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று, ஹோஸ்கள் எல்லாம் புதுசு. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கூட யாரும் பார்த்ததில்லை.

இதெல்லாம் எங்களுக்குப் பழக்கமான தலைவலிதான். அன்று எங்களைக் குழப்பியது வேறு விஷயம்.

லாரியின் உரிமையாளர் வெள்ளைச் சட்டைக்காரர். பட்டறைக்குள் மூன்று மணி நேரம் நின்றும் சட்டையில் ஒரு புள்ளி அழுக்குப் படாமல் காப்பாற்றும் ரகம். காலையில் வந்ததும் எங்கள் சின்ன அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த டிரைவரைக் கண்ணால் காட்டி, அவர் குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்றார். தண்ணீர் ஊற்றாமலே ஊற்றியதாக நோட்டில் எழுதி வைக்கிறார், வண்டியில் கசிவே கிடையாது, கசிவு முழுக்க ஆளிடம்தான் என்றார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு என் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

"மூணு மணிக்கு என் மக இங்க வர்றா. அவ முன்னாடி நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். வண்டியில ஒரு கோளாறும் இல்லைன்னு."

"டிரைவருக்கும் உங்க மகளுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

அண்ணி எனக்குப் பதில் சொன்னார். "அவங்க வீட்டுக்காரர். ஐயா டிரைவர் டிரைவர்னு சொல்றார், ஆனா குடிக்கிறாரு, பொய் சொல்றாருன்னு திட்டும்போதுகூட 'ரு' போகலை பாருங்க. இவ்வளவு கோபத்துலயும் மரியாதை குறையாத இடம் பொண்ணு குடுத்த இடம்தான்."

வெள்ளைச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வாரமாக மகள் அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று சாக்குச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். காரணத்தை மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. புருஷனிடம் கேட்கவும் மாட்டேன் என்கிறாள், கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமாம். கோளாறு வண்டியில்தான், நல்ல மெக்கானிக் யாராவது வண்டியில் ஒன்றுமில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லட்டும், அப்புறம் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை என்று முடித்துவிட்டாள்.

"அதுக்கு எங்க கடைக்கு ஏன் வந்தீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"உங்க கடை மேல எனக்கு ஒரு நம்பிக்கை. இங்கதான் உண்மையைச் சொல்வாங்க" என்றார் அவர். பாராட்டு என்று நினைத்து நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்தக் காலரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆக, ஒரு குடும்பம் ஒரு ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டையைத்தான் காணவில்லை.

ரேடியேட்டர் வாயில் பிரஷர் பம்ப்பை மாட்டி, காற்று அடித்து, அதன் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றோம். கசிவு இருந்தால் முள் இறங்க வேண்டும். அது ஒரு கோடு கூட இறங்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகியிருக்கிறதா என்று பார்த்தோம். ஆயில் கறுப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. வாட்டர் பம்ப்பின் அடியில், பம்ப் கெட்டால் தண்ணீர் சொட்டும் சின்னத் துளையை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அந்தப் போல்ட் முறிந்து என் விரல்களைக் கடித்தது. துளை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

ஒரே ஒரு தடவை என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணி என்று கத்தினேன். அவர் குனிந்து, விரலால் தொட்டு, மோந்து பார்த்துவிட்டு, மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயின் மடிப்பில் நேற்றைய மழை தேங்கியிருப்பதைக் காட்டினார். நான் மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் மாமனாரின் ராஜதந்திரம் வேறு. டிரைவரிடம் சாவி கேளுங்கள் என்று என்னிடம் சொல்வார். டிரைவர் இரண்டு கை தூரத்தில்தான் இருப்பார். நான் கேட்பேன், டிரைவர் கொடுப்பார், நான் வாங்கி மாமனாரிடம் கொடுப்பேன். இரண்டு நாட்டுக்கு நடுவில் நிற்கும் தபால்காரன் மாதிரி ஆகிவிட்டது என் பிழைப்பு.

பன்னிரண்டரைக்கு நான் ஸ்பானரைத் தரையில் போட்டேன்.

"அண்ணி, ஒண்ணு இந்த வண்டி பொய் சொல்லுது, இல்லன்னா அந்த மனுஷன் பொய் சொல்றார். எனக்கு இப்ப வண்டியை நம்பத்தான் தோணுது. அது என் விரலைக் கடிச்சாலும் நேரா கடிச்சுது."

அண்ணி லாரியின் படியில் உட்கார்ந்தார். அவருக்கும் சலித்துப்போயிருந்தது, புறங்கையால் நெற்றியைத் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் அவருக்கு ஒரு வழி உண்டு. எல்லாரும் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பார்கள். அண்ணி ஒருத்தர் கூடப் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வார்.

"ஆறு கடைக்காரங்களும் கசிவு இல்லைன்னாங்க. அது உண்மை. மருமகன் தண்ணி ஊத்தினேங்கிறார். அதுவும் உண்மை. மாமனார் கண்ணால பாத்ததாச் சொன்னதும் உண்மை. இத்தனையும் ஒண்ணா உண்மையா இருக்கணும்னா, ஓட்டை எங்க இருக்கணும்?"

"கற்பனையில இருக்கணும்."

"யாரும் பாக்காத நேரத்துல மட்டும் திறக்குற இடத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, டிரிப் நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

மருமகனின் நோட்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் நோட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. சமவெளியில் ஓடிய நாட்களில் ஊற்றிய தண்ணீர், பூஜ்யம். மலைக்குப் போன நாட்களில் மூன்று லிட்டர். ஏற்றத்தில் இன்ஜின் சூடாகிறது, அதனால் போகிறது என்று நான் சொன்னேன். ஆறு பட்டறைகளும் அதையேதான் சொல்லியிருந்தன. அண்ணி ஒரு வரியில் விரலை வைத்தார். திரும்பி வரும்போது, சரக்கு இல்லாமல், இறக்கத்தில், இன்ஜினுக்கு வேலையே இல்லாத நேரத்திலும் ஒன்றரை லிட்டர் போயிருந்தது.

"ஏறும்போதும் போகுது, இறங்கும்போதும் போகுது. அப்ப ஏத்தம் காரணம் இல்ல. மலையில ஏத்தத்தைத் தவிர வேற என்ன இருக்கு?"

"மரம் இருக்கு. வளைவு இருக்கு. குரங்கு இருக்கு. குரங்கு மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

அண்ணி நேராக டயர் அடுக்கிடம் போனார். மருமகனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வெட்கப்பட்டு ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்தார். இரண்டும் ஒரே ஜோடி ஷூதான். ஒன்று கறுப்பு. ஆக்சிலரேட்டர் மிதிக்கும் காலில் இருந்தது மட்டும் வெளுத்து, அடியோரத்தில் பச்சை படிந்திருந்தது.

எனக்கு உடனே மாமனார் காலையில் அடுக்கிய குற்றங்கள் ஞாபகம் வந்தன. கேபினுக்குள் மட்டமான சரக்கு மாதிரி இனிப்பாக ஒரு வாசம். கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார், சில சமயம் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஓட்டுகிறார். ஒற்றை ஷூவைக் கழற்றி வெளிக் கண்ணாடியில் மாட்டிக் காயவைக்கிறார். நிதானத்தில் இருக்கும் மனுஷன் ஒற்றை ஷூவையா காயவைப்பான் என்று அவர் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், நானும் மருமகனைச் சந்தேகப்பட்டேன்.

ஷூவைப் பற்றிக் கேட்டதும், மலையில் எப்போதும் மழை, கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் வருகிறது என்றார் மருமகன். டேப் ஒட்டி ஒட்டிப் பார்த்தாராம், நிற்கவில்லையாம்.

"மலையில குளிருமா?" என்று கேட்டார் அண்ணி.

"பல்லு கிட்டிக்கும்க்கா."

"அப்ப ஹீட்டர் போடுவீங்க."

"ஏற ஆரம்பிச்சதும் போட்டா, இறங்கி வந்துதான் நிறுத்துவேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் பொறி தட்டியது. ஹீட்டர் என்பது கேபினுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் சூடான தண்ணீர்தான் அதற்குள் ஓடி வரும். லீவரை மூடினால் போகிற ஹோஸ், திரும்புகிற ஹோஸ் இரண்டும் சேர்ந்து அடைபட்டுவிடும். அதற்கப்புறம் அந்தக் குட்டி ரேடியேட்டர் ஊரிலேயே இல்லாத ஆள் மாதிரி. வெயில் கொளுத்தும் பட்டறையில் எந்த மெக்கானிக் ஹீட்டரைத் திறப்பான்? ஆறு பேர் திறக்கவில்லை. ஏழாவதாக நானும் திறக்கவில்லை.

பம்ப்பை மறுபடியும் மாட்டிக் காற்று அடித்தேன். முள் காலையில் நின்ற இடத்திலேயே ஏறி நின்றது. அண்ணி கேபினுக்குள் ஏறி லீவரைத் திறந்தார். முள் ஒரு கோடு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கோடு.

டிரைவர் காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அதற்கு அடியில் இன்னொரு மேட். அதற்கும் அடியில், இன்ஜின் சத்தத்தைக் குறைக்கப் போட்டிருந்த கம்பளித் துணி, பிழிந்தால் ஒரு வாளி நிறையும்போல ஊறிக் கிடந்தது. இனிப்பு வாசம் குப்பென்று அடித்தது. கையெல்லாம் பச்சை. கேபின் தரையின் ஓரத்தில் ரப்பர் அடைப்பு போன ஒரு துளை வழியாக மிச்சத் தண்ணீர் ஓட்டத்திலேயே ரோட்டில் சிந்தியிருக்கிறது. பட்டறைக்கு வரும்போது அடியில் எல்லாம் காய்ந்துவிடும். அண்ணி கண்ணாடியின் உள்பக்கம் விரலால் இழுத்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம். ஹீட்டர் காற்றோடு கூலன்ட் ஆவி போய்ப் படிந்தது. அந்த மனுஷன் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, வழி தெரியாமல் தலையை வெளியே நீட்டி ஓட்டியிருக்கிறார்.

வழக்கு முடிந்தது என்று நினைத்து நான் மாமனாரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வண்டி கசியுது. ஒத்துக்கிறேன். அதுக்காக அவரு குடிக்கலைன்னு ஆயிடுமா?" என்றார் மெதுவாக. "வாசம், ஷூ எல்லாம் அப்புறம் நான் கவனிச்சது. முதல்ல எனக்கு எழுத்துல ஆதாரம் வந்துச்சு. மூணு மாசமா பையில வெச்சிருக்கேன்."

அண்ணி அதைக் காட்டச் சொன்னார். மகள் வரட்டும், அவள் கையில்தான் கொடுப்பேன் என்று மாமனார் மறுத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹீட்டர் பெட்டியைக் கழற்றும்போது இன்னொரு விரலையும் உரித்துக்கொண்டேன். இத்தனை பாடுபட்டு வண்டியின் ஓட்டையை அடைக்கலாம், மனுஷனின் மனசிலுள்ள ஓட்டையை அடைக்க முடியாதுபோல என்று எரிச்சலாக இருந்தது. குட்டி ரேடியேட்டரில் குழாயும் தொட்டியும் சேரும் இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றிப் பச்சை உப்பு. பக்கத்துத் தெரு ரேடியேட்டர் கடைக்காரர் பற்ற வைத்துக் கொடுத்தார். திரும்ப மாட்டி, லீவரைத் திறந்தே வைத்து, அரை மணி நேரம் முள்ளைப் பார்த்தோம். இறங்கவில்லை. எங்கள் கண்ணில்தான் சந்தோஷமில்லை.

சரியாக மூன்று மணிக்கு ஸ்கூட்டரில் மகள் வந்தாள். அப்பா பக்கமும் போகவில்லை, புருஷன் பக்கமும் போகவில்லை. லாரியின் முன் சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டாள்.

மாமனார் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "இதைப் படிம்மா. இந்தக் கடையிலயே எழுதிக் குடுத்தது. இதை அவரே கொண்டாந்து என் கையில குடுத்தாரு. அவ்வளவு தைரியம்" என்றார். பேசும்போது அவர் குரல் உடைந்தது.

அவள் காகிதத்தைப் பிரித்தாள். பின்பக்கம் வெயில் பட்டு எழுத்து எனக்கு நிழலாகத் தெரிந்தது. மேலே மூன்று மாதத்துக்கு முந்திய தேதி, கீழே மூலையில் ஒரு குட்டி ஸ்பானர் படம்.

அவள் சத்தமாகப் படித்தாள். "பிரேக் ஸ்விட்ச் மாத்தியாச்சு. டிரைவர் சைடுல தண்ணி. ஓனர் கவனிக்கவும்."

படித்துவிட்டு ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"எங்க, கால்கிட்டயா? மூணு மாசமா ஈரத்துலயா உக்காந்து ஓட்டுறீங்க?"

மாமனார் சீட்டை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கினார். உதடுகள் அசைய, எழுத்துக் கூட்டி, மறுபடியும் படித்தார். சைடுல தண்ணி. சைடுல, தண்ணி. மூன்று மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை படித்திருப்பார். இப்போதுதான் முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்த்தார்.

"நான்தான்யா எழுதினேன்" என்றேன். பெடலுக்கு அடியில் பிரேக் ஸ்விட்ச் மாற்றும்போது கை ஈரமானதும், மழை என்று நினைத்ததும், இரண்டு வார்த்தையில் கிறுக்கிவிட்டு மறந்துபோனதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாதம் நாற்பது வண்டி வரும் இடத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டால் எல்லா லாரியும் எனக்கு ஒன்றுதான். என் பேச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மன்னிச்சிடுங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

மருமகன் டயர் அடுக்கிலிருந்து எழுந்து வந்தார். அவருக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்திருந்தது. மனைவி ஏன் மூன்று வாரமாக வீட்டில் இல்லை, மாமனார் ஏன் மூன்று மாதமாக முகம் பார்த்துப் பேசவில்லை என்பதெல்லாம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கண்தான் கலங்கியது.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே மாமா."

மாமனார் பழைய சீட்டை மறுபடியும் நாலாக மடித்தார். அண்ணிதான் ஒரு புதுச் சீட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"இந்தத் தடவை கஞ்சத்தனம் வேண்டாம் கொழுந்தனாரே" என்றார்.

எழுதினேன். டிரைவர் உட்காரும் இடத்தில், காலடியில், ஹீட்டரின் ஓட்டையிலிருந்து இன்ஜின் தண்ணீர் கசிந்து மேட்டுக்கு அடியில் தேங்கியிருந்தது. ஓட்டை அடைக்கப்பட்டது. கேபினுக்குள் வந்த வாசம் கூலன்ட் வாசம். தண்ணீர் நோட்டில் எழுதியபடி சரியாக ஊற்றப்பட்டிருக்கிறது. டிரைவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. என் வாழ்க்கையிலேயே நீளமான சீட்டு அதுதான். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். ஸ்பானர் படம் வரையக் கை வரவில்லை, முதல் தடவையாக ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டேன்.

மாமனார் அதை வாங்கக் கை நீட்டினார். "மாப்பிள்ளை" என்றார். அன்று முழுக்க அவர் வாயில் வராத சொல் அது.

மருமகன் சீட்டை முதலில் தானே வாங்கி, முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நிதானமாகப் படித்தார். பிறகு என்னிடம் திருப்பி நீட்டினார்.

"ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார். "கடைசியில எழுதுங்க. ஓனர் கவனிக்கவும்."